ஜெயபிரியாவின் பத்துப் படிவங்கள்

ஜெயபிரியாவுக்கு வயது இருபத்தொன்பது. தாமிரபரணிக் கரை ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் வீட்டுப் பெண். தூத்துக்குடியில் ஒரு டைல்ஸ் கடையில் பில் போடுகிறாள். எம்.காமில் எல்லாத் தாளும் தேறியாயிற்று, ஆய்வுக்கட்டுரை மட்டும் பாக்கி. இரண்டு முறை தள்ளிப்போட்டாள். பழைய பாடத்திட்டக்காரர்களுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. தவறினால் பட்டமே இல்லை.

"திங்கக்கிழமை பத்து மணிக்குத் தலைப்பும், பத்துப் பேர்கிட்ட கேட்டு நிரப்பின கேள்விப் படிவமும் என் டேபிள்ல இருக்கணும். இல்லேன்னா என்னைத் தேடி வராதம்மா" என்று வழிகாட்டியான காசிலிங்கம் சார் சொல்லிவிட்டார்.

தலைப்பு அவளே யோசித்தது: ஏலத்தில் மீன் எடுத்து விற்கும் பெண்கள் கரையில் காத்திருக்கும் நேரம். இதை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள் என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. கடைக்கு ஞாயிறுதான் விடுமுறை. முதல் பஸ் பிடித்து, தூத்துக்குடியில் மீன்படகுகள் அணையும் திரேஸ்புரம் வந்துவிட்டாள்.

கரையில் ஆளே இல்லை. படகுகள் வரிசையாக ஒதுங்கி நின்றன. இரண்டு மணி நேரம் போயிற்று. மாதா கோயிலில் ஞாயிற்றுப் பூசை முடிந்து, நல்ல சேலையில் வந்த ஒருத்தி நின்று விசாரித்தாள். பெயர் கிருபை, மீன் வியாபாரம்.

"ஏளா, யாரத் தேடுத?"

"மீன் ஏலம் பாக்க வந்தேன்க்கா. படிப்புக்கு எழுதணும்."

"ஞாயித்துக்கெழம கடலுக்கு யாருளா போவா? இதுகூடத் தெரியாமத்தான் எங்களப் பத்தி எழுத வந்தியாக்கும்."

ஒரு படிவமாவது நிரம்பட்டும் என்று ஜெயபிரியா பேனாவைத் திறந்தாள். "நீங்க கரைக்கு எத்தன மணிக்கு வருவீய?"

"படகு வாரப்ப வருவோம்."

"படகு எப்ப வரும்?"

"அத கடலத்தான் கேக்கணும்."

"எம்புட்டு நேரம் உக்காந்திருப்பீய?"

"மீன் கெடைக்கிற மட்டும்." கிருபை சிரித்தாள். "நாளைக்கு வா. நீயும் எங்ககூட உக்காரு, தன்னால தெரியும்."

நாளைக்குக் கல்லூரிக்குப் போய் வரவே கடையில் ஒரு மணி நேரம்தான் கெஞ்சி வாங்கியிருந்தாள்.

ஆத்தூர் பஸ்ஸில் படிவங்களை மடியில் வைத்துத் தானே எழுதத் தொடங்கினாள். முதல் பெயர் கிருபை. அடுத்தது முப்பிடாதி. அது அம்மன் பெயர்; மாதா கோயிலுக்குப் போகிற அந்தக் கரையில் அப்படி ஒரு பெயர் இருக்குமா என்று சந்தேகம் வந்து அடித்தாள். வயது எளிது; நாற்பத்தைந்து, ஐம்பத்திரண்டு. அடுத்த கட்டம், படகு கரை சேர்ந்த நேரம். பக்கத்தில் 'கா/மா' என்று அவளே அச்சடித்திருந்தாள்.

காலையா, மாலையா. அதைக்கூட அவள் கேட்டு வரவில்லை.