கழுவிப்போன நீலம்

நான் கால்நடை மருத்துவர். மரக்காணத்தில் உப்பளங்களை ஒட்டிய ஓர் ஊரில் ஓராண்டு காலம் செம்மறியாடுகளின் கருப்பைச் சுரப்பை ஆராய்ந்துகொண்டிருந்தேன். கல்யாண வீடுகளில் "என்ன ஆராய்ச்சி?" என்று கேட்டவர்கள் யாரும் என்னிடம் இரண்டாவது கேள்வி கேட்டதில்லை. பந்தியில் இடம் பிடிக்கப் போய்விடுவார்கள்.

விஷயம் ஒன்றும் பெரிய சிதம்பர ரகசியம் இல்லை. ஆடு சினை பிடித்ததும் கரு உடனே கருப்பைச் சுவரைப் பற்றிக்கொள்ளாது. இரண்டு வாரத்துக்கு மேல் சும்மா மிதக்கும். அந்த நாட்களில் அதற்குச் சோறு போடுவது கருப்பைச் சுரப்பிகள் விடும் புரதம் நிறைந்த நீர். பிறகு கரு ஒட்டிக்கொண்டாலும் அந்த நீர் தேவை. அதைச் சுரக்கச் சொல்லி உத்தரவு போடுவது சினைப்பையில் இருக்கும் மொச்சைக்கொட்டை அளவு மஞ்சள் கட்டி ஒன்றின் ஹார்மோன். சினையின் முதல் ஒன்றரை மாதத்துக்குள் அந்தக் கட்டி கரைந்தால் ஹார்மோன் நின்றுபோகும், சுரப்பு அடங்கும், கருவும் போய்விடும்.

அந்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி என் பையில் இருந்தது. சினை பிடிக்காத ஆடுகளுக்கு அதைப் போட்டால் எல்லாம் ஒரே சமயத்தில் பருவத்துக்கு வரும், மாதிரி எடுக்க எனக்கு வசதி. சினையாட்டுக்குப் போட்டுவிடக் கூடாது. அதற்காகத்தான் நீலம். கிடாவின் நெஞ்சில் வேப்பெண்ணெயில் குழைத்த நீலப்பொடியைப் பூசி மந்தையில் விடுவோம். எந்த ஆட்டோடு சேர்கிறதோ அதன் பின்புறத்தில் நீலம் ஒட்டிக்கொள்ளும். சிவப்பு ஆடுகள், நீலம் பளிச்சென்று தெரியும். ஊர்க் கூட்டத்தில் இதை விளக்கமாகச் சொன்னேன். வந்திருந்தவர்கள் எல்லாரும் ஆண்கள்.

கிடாவை விட்டு ஐந்து வாரம் கழித்து, நீலம் இல்லாத ஆடுகளுக்கு ஊசி போட வீடு வீடாகப் போனேன். உப்பளத்துக்குப் போகும் மண்பாதையில் கடைசி வீடு. அந்த வீட்டு மருமகளுக்குக் கல்யாணமாகி ஏழு வருடம், குழந்தை இல்லை. கணவர் துபாயில், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாதம் வருவார். வீட்டில் மாமியாரும் அவளும் ஒற்றைப் பெட்டையாடும். ஆடு இரண்டு வருடமாகக் குட்டி போடவில்லை. "இந்தத் தடவையும் பிடிக்கலன்னா மலட்டு ஆட்ட வெச்சு தீனி போட முடியாது, வியாபாரிகிட்ட குடுத்துடுவேன்" என்று மாமியார் என்னிடம் சொல்லும்போது பார்வை ஆட்டின் மேல் இல்லை, மருமகள் மேல் இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் ஆட்டைப் பார்க்கக் குனிந்துகொண்டேன்.

ஆடு அன்று மினுமினுவென்று இருந்தது. உடம்பில் உப்புச் சேறு துளி இல்லை, சீயக்காய் மணம் வந்தது. பின்புறத்தைப் பார்த்தேன், நீலம் இல்லை. ஊசியைப் போட்டேன். ஸ்கேன் கருவி கல்லூரியில் இருந்தது. கனம் என்று அதைத் தூக்கி வராத சோம்பேறி நான்தான்.

ஆறாம் நாள் காலை அவளிடமிருந்து போன் வந்தது.

"டாக்டரம்மா, ஆட்டுக்கு ரத்தமா போவுது. கட்டி கட்டியா ஏதோ விழுந்துச்சு. வர்றீங்களா?"

போனேன். ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் எடுத்து வைத்திருந்தாள். விரல் நீளச் சவ்வுப் பை. உள்ளே சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு கரு. கால்கள் இருந்தன. கண் இருக்க வேண்டிய இடத்தில் கருப்பாக ஒரு புள்ளி.

"கிடா இதுகூட சேந்துச்சாம்மா?" என்று கேட்டேன். ஊசி போடும் முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"எனக்கென்னங்க தெரியும், ஊர் மந்தையோட மேய்ச்சல்ல விட்டுட்டு உப்பளத்துக்குப் போயிடுவேன். பின்னால நீலமா எதுவோ அப்பிக்கினு இருந்துச்சு. டாக்டரம்மா கை வெச்சு பாக்கப் போறாங்க, இவ்ளோ அழுக்காவா காட்டுறதுன்னு, நீங்க வர்ற அன்னிக்கு வெந்நீர் வெச்சு சீயக்கா போட்டு தேச்சேன். லேசுல போவல. தேங்கா நாரால தேச்சப்பறம்தான் போச்சு."

எனக்காகக் கழுவியிருக்கிறாள். மருத்துவமனைக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகும்போது தலைவாரிச் சட்டை மாற்றுவது போல. நீலம் எதற்கு என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

உள்ளேயிருந்து மாமியார் குரல் கேட்டது. "தங்காத வயிறு. நான் அப்பவே சொன்னேன். வியாபாரிக்குப் போன் பண்ணிட்டேன், வர்றாரு."

அந்த நிமிடம் எனக்கு ஒரு கெட்ட யோசனை வந்ததை மறைக்க விரும்பவில்லை. நான் எதுவும் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆடு தானாகக் கலைத்துக்கொண்டதாக இருக்கும். என் பேர் கெடாது, ஆராய்ச்சி நடக்கும். பையை எடுத்துத் தோளில்கூட மாட்டிவிட்டேன். அவள் அந்தக் கிண்ணத்தை முந்தானையால் மூடினாள். மறுபடி பையைக் கீழே வைத்தேன்.

"ஆட்டு மேல தப்பில்லம்மா. அது சினையாத்தான் இருந்துச்சு, நல்லாத்தான் வளந்துச்சு. நான் போட்ட ஊசியாலதான் கலஞ்சுது" என்றேன். நீலத்தையும் ஊசியையும் விளக்கினேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டட்டும் என்றுகூட நினைத்தேன்.

அவள் ஆட்டின் பக்கத்தில் குந்தி அதன் முதுகில் கை வைத்தாள்.

"அப்போ இதுக்குப் பிடிக்குது?"

"பிடிக்குதும்மா."

"தங்கியும் இருக்குது?"

"அஞ்சு வாரம் தங்கியிருக்கு. ஊசி போடலன்னா குட்டி போட்டிருக்கும்."

அவள் முகத்தில் கோபத்தைத் தேடினேன், இல்லை. கண் நிறைந்திருந்தது. என் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். "மாமிகிட்ட சொல்லுங்க. எங்கிட்ட சொன்ன மாதிரியே." சொன்னேன். மாமியார் தஸ்பீஹ் ஜெபமணியை உருட்டியபடி கேட்டார். வாசலில் வியாபாரியின் வண்டி வந்து நின்றது. அவரிடமும் சொல்லச் சொன்னாள். தெருவில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த நான்கைந்து பெண்கள் குடங்களோடு திரும்பிப் பார்த்தார்கள். "ஆட்டுக்குக் குறையில்லங்க, நான்தான்..." என்று ஆரம்பித்தபோது என் குரல் தானாக இறங்கிவிட்டது.

"சத்தமா சொல்லுங்க டாக்டரம்மா" என்றாள் அவள்.