வாவியில் கழுவிய லொறி

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மூட்டை தூக்கித் தொடங்கி, லொறி வாங்கி, களுவாஞ்சிக்குடியில் கடையும் போட்டேன். யாரும் கைதூக்கி விடவில்லை. வாகனம் எதுவாயிருந்தாலும் சத்தத்தைக் கேட்டே என்ன வருத்தம், எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை, ஊரில் யாரையும் கேட்கலாம்.

கிளச் மிதித்து மிதித்து இடது முழங்கால் தேய்ந்துபோனதால், கடைசியாக வாங்கியது ஓட்டோ கியர் லொறி. ஜப்பானில் ஓடிக் களைத்த பழசு. "கிளச் இல்லாத லொறியும் ஒரு லொறியா?" என்று சந்தியில் நின்று சிரித்தார்கள். சிரித்தவர்களின் நெல்லையும் அதுதான் ஏற்றியது.

இந்தத் தை மாதம், பொங்கல் கழிந்த கையோடு அது முரண்டு பிடித்தது. என் மகளின் வயல், கடலோடு சேரும் எங்கள் வாவிக்கு அந்தப் பக்கம், பழுகாமத்தில். வெட்டு மெசின் அறுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டது. வட்டைக்குள், வயல் நடுவே, நெல் மூட்டைகள் திறந்த வெளியில் அடுக்கிக் கிடந்தன. வடக்கே வானம் கறுத்திருந்தது. நனைந்தால் மூட்டைக்குள்ளேயே முளைத்துவிடும். அந்தக் குடும்பத்தின் ஒரு போகத்துச் சாப்பாடு அது.

காலையில் மருமகன் லொறியை எடுத்தார். கோயிலடியைத் தாண்டவில்லை. முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு ஏறாமல் எஞ்சின் மட்டும் கத்தியது. மிதியிலிருந்து காலை எடுத்தால் கியர் உதைத்துக்கொண்டு விழுந்தது. பின்னுக்கு எடுக்கப் போட்டால் யோசித்து யோசித்து நகர்ந்தது. உருட்டாத குறையாகக் கராஜுக்குக் கொண்டுபோனோம்.

கராஜ்காரன் என் கூட்டாளி. ஒரு காலத்தில் இரண்டு பேரும் ஒன்றாக மூட்டை தூக்கியவர்கள்.

"மச்சான், கியர் பொக்ஸக் கழட்டிக் கொழும்புக்கு அனுப்பவேணும். ஒரு கிழமை போகும்."

"ஒரு கிழமையில நெல்லு நாத்தாயிரும். ஓயிலப் பாத்தியா?"

"பாருங்க! காணிக்காரப் போடியார் இப்ப மெக்கானிக்காவும் மாறிட்டார்."

நானே பார்த்தேன். இந்த ஓயிலை எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, சூட்டோடுதான் பார்க்க வேண்டும். ஓயில் அளக்கும் கம்பியை உருவினால் செக்கச் சிவப்பாக வர வேண்டிய ஓயில், பலூடா போல வெளிறிய ரோஸ் நிறத்தில் வழிந்தது. தண்ணீர் கலந்திருக்கிறது.

"ரேடியேட்டர்தான்," என்றான் கூட்டாளி. "அதுக்குள்ளால போய்த்தானே இந்த ஓயில் ஆறி வருது. உள்ளுக்க வெடிச்சிட்டு."

எனக்கு வேறு ஒன்று நினைவுக்கு வந்தது. பொங்கலுக்கு முதல்நாள் எங்கள் துறையில் உழவு மெசின், லொறி எல்லாவற்றையும் வாவிக்குள் பின்பக்கமாக இறக்கிக் கழுவுவார்கள். எங்கள் லொறியையும் மருமகன் கொண்டுபோயிருந்தார். அவரைக் கேட்டேன்.

"மகன், எவ்வளவு தூரம் இறக்கின நீங்க?"

"சில்லு டயரோட தாழுற அளவுக்குத்தான் மாமா. ஆனா இது வாவித் தண்ணி எண்டா உப்புக் கரிக்குமே." மருமகன் கம்பியிலிருந்து ஒரு துளியை நாக்கில் வைத்துத் துப்பினார். "உப்பேயில்ல. ரேடியேட்டர்தான்."

அவர் திருகோணமலைக்காரர். அவருக்குத் தெரிந்த தண்ணீரெல்லாம் கடல் தண்ணீர்.

"மாரி வெள்ளம் இறங்கினா எங்கட வாவி ஆறு மாதிரி. மாடும் குடிக்கும்," என்றேன்.

கூட்டாளி தலையைச் சொறிந்தான். எஞ்சின் ஆறியதும் ரேடியேட்டர் மூடியைத் திறக்கச் சொன்னேன். ஓயிலும் ரேடியேட்டர் தண்ணீரும் கலந்திருந்தால் அங்கேயும் எண்ணெய் மிதக்க வேண்டும். மிதக்கவில்லை. முழங்காலைச் சபித்துக்கொண்டு லொறிக்குக் கீழே ஊர்ந்தேன். கியர் பொக்ஸுக்கு மேலே அது மூச்சு விடுவதற்கு ஒரு சின்ன ரப்பர் குழாய் உண்டு. வெடித்து, கீழே தொங்கியது. அதன் வாயில் காய்ந்த பாசி. ஓடி வந்த சூட்டோடு தண்ணீரில் இறக்கியிருக்கிறார்கள். சூடு ஆற ஆற உள்ளே காற்றுச் சுருங்கும்; அப்போது வெளியே இருக்கும் தண்ணீரைத்தான் அது இழுக்கும்.

மருமகன் ஓயிலை ஏந்த வாளியைக் கொண்டுவந்து கீழே வைத்தார். மழை வருகிற நேரம்.

பழைய ஓயிலை இறக்கிப் புதுசு ஊற்றினோம். ஒரு தரம் போதும் என்றேன்.

"நீ சொன்னது ஒருக்காச் சரியாப் போச்செண்டு மறுகாவும் தீர்ப்புச் சொல்லாத," என்று கூட்டாளி திரும்பவும் இறக்கினான். இரண்டாம் தரமும் ரோஸ் நிறம் போகவில்லை. மூன்றாவதில்தான் சிவப்பு நின்றது. "பாதிப் பாரம்தான் ஏத்தவேணும். உள்ளுக்க கியர் பிடிக்கிற தட்டெல்லாம் நனைஞ்சு கிடக்கு. உன்ட வீரத்தக் காட்டிராத."

நானே ஓட்டினேன். பட்டிருப்புப் பாலத்து ஏற்றத்தில் கொஞ்சம் இழுத்தது. பிறகு அடுத்த கியர் சத்தமில்லாமல் விழுந்தது. மருமகன் பக்கத்தில் இருந்து, காலடியில் வரும் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தார்.

பாதிப் பாதியாக ஏற்றியதில் நடை கூடிவிட்டது. கடைசி நடைக்கு மூட்டைகளின் மேல் படங்குத் துணி கட்டும்போது தூறல் தொடங்கிவிட்டது. கடைசியாக ஏற்றிய அடிவரிசை மூட்டைகளில் சில நனைந்தன. மற்றதெல்லாம் மகள் வீட்டு மண்டபத்துக்குள் காய்ந்தபடியே வந்து சேர்ந்தது.

லொறியைப் பற்றி மகள் ஒன்றும் கேட்கவில்லை. கியர் பொக்ஸைக் கழற்றாமலே, வாவித் தண்ணீர்தான் வருத்தம் என்று கண்டுபிடித்ததை நானாகச் சொல்லத் தொடங்கினேன். அவள் ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்துக்கொண்டு போனாள். நனைந்தவற்றைத் தனியாக இழுத்துப் போட்டாள். பிறகு புருசனைப் பார்த்தாள்.

"அடுத்த பொங்கலுக்குக் கிணத்தடியில வச்சுக் கழுவுங்க. தண்ணி நான் அள்ளித் தாறன்."

"ஓம்," என்றார் அவர்.