உயிரோடு இருந்தவருக்கு ஓதிய ஃபாத்திஹா

தண்டையார்பேட்டையில் ஒரு சந்து முனை டீக்கடையில் நின்று தன் வீட்டுக்கே வழி கேட்டார் சௌக்கத் அலி. எட்டு வருஷம் புழல் சிறையில் இருந்துவிட்டு வந்தவர் வேறு எப்படிக் கேட்பார்? தன் பெயரைச் சொல்லித்தான் கேட்டார்.

"சௌக்கத் அலி பாய் வூடு எது?"

கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "அவரு மவுத்தாயி ரொம்ப வருஷமாச்சே! போன ரஜபு மாசத்துல கூட அவர் பேர்ல ஃபாத்திஹா ஓதி நெய்ச்சோறு குடுத்தாங்கோ. நானே துன்னேன். கறி பஞ்சு மாதிரி இருந்துச்சு. நீ யாரு பாய், தெரிஞ்சவரா?"

"ஆமா. கொஞ்சம் பழக்கம்" என்றார் சௌக்கத் அலி. அதற்கு மேல் பேசியிருந்தால் நல்ல வார்த்தை வந்திருக்காது.

வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் சாத்தாங்காட்டுக்கே திரும்பிவிட்டார். அங்கே இரும்பு மார்க்கெட்டில் செங்குட்டுவன் என்ற பழைய சிநேகிதர், தன் பட்டறையில் வேலையும் படுக்க ஓர் இடமும் கொடுத்திருந்தார். சௌக்கத் அலி அந்த மார்க்கெட்டில்தான் கேஸ் கட்டிங்கில் இரும்பு வெட்டும் தொழிலாளியாக வளர்ந்தவர். அங்கேதான், எந்த லாரியில் யார் சரக்கு ஏற்றுவது என்ற ஒன்றுக்கும் உதவாத சண்டையில், கையில் கிடைத்த இரும்பு ராடை ஓங்கினார். அடி வாங்கியவன் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. அவனுக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருந்தார்கள். இதைக் குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை, சௌக்கத் அலியே குறைத்துச் சொன்னதில்லை.

முதல் வருஷம் அவர் மனைவி பதுருன்னிசா சிறைக்கு மனுப் போட்டு வந்து பார்த்தாள். அப்புறம் வரவில்லை. முட்டி வலியாக இருக்கும், வேலைக்குப் போகிறாளோ என்னவோ என்று இத்தனை காலமும் அவளுக்காக அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். விடுதலையானதும் திருவொற்றியூரில் பழைய வீட்டைத் தேடிப் போனார். அதில் வேறு யாரோ இருந்தார்கள். அங்கிருந்த பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுதபோதுதான், குடும்பம் தண்டையார்பேட்டைக்குப் போய்விட்டது என்று தெரிந்தது. தான் சாத்தாங்காட்டில் இருப்பதாகச் சொல்லிவிட்டு, ஆசை ஆசையாகக் கிளம்பிப் போனார். போன இடத்தில் அவருக்கு நெய்ச்சோறே போட்டு முடித்திருந்தார்கள்.

"உயிரோட பொதைச்சிட்டாங்க செங்குட்டுவா! பொதைச்சிட்டு, ஊருக்கு சோறு வேற!"

"வுடு பாய்" என்றார் செங்குட்டுவன். எப்படி விடுவது? அன்று முழுக்க அவர் வெட்டிய தகடு ஒன்றுகூட நேராக வரவில்லை.

நாலு நாள் கழித்து மகன் காலித் பட்டறை வாசலில் வந்து நின்றான். துறைமுகத்தில் கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறவன், சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டிருந்தான். அப்பாவை 'அத்தா' என்று கூப்பிடவில்லை. ஸலாம்கூடச் சொல்லவில்லை.

"உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்."

தங்கை நவ்ரீனுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். ராயபுரத்து மாப்பிள்ளை. அப்பா இறந்துவிட்டதால், பெண்ணைக் கொடுக்கும் பொறுப்பாளராக, அதாவது 'வலி'யாக, அண்ணன் காலித் உட்காருவதாக ஏற்பாடு. பள்ளிவாசல் ஹஜ்ரத் வழக்கப்படி திருவொற்றியூரில் அவர்களுடைய பழைய ஜமாத்துக்குப் போன் போட்டு விசாரித்திருக்கிறார். "யாரு, சௌக்கத் அலியா? மவுத்தா? போன வெள்ளிக்கிழமை முன் வரிசையில நின்னு தொழுதாரே!" என்று அங்கே சிரித்திருக்கிறார்கள். தகப்பன் உயிரோடு இருக்கும்போது அண்ணன் வலியாக முடியாது, அவர் வாயால் சம்மதம் வாங்கிக்கொண்டு வா என்று ஹஜ்ரத் இவனை விரட்டியிருக்கிறார்.

"சம்மதம்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். மத்தத நான் பாத்துக்குவேன். நீங்க வர வேணாம்."

சௌக்கத் அலிக்கு உச்சந்தலை வரை ஏறியது. "மவுத்தானவங்கிட்ட இன்னாடா சம்மதம்? கபுர்ஸ்தானுக்குப் போ. அங்க போய்க் கேளு!"

"வேற இன்னா சொல்லச் சொல்றீங்கோ?" காலித்தும் கத்தினான். "நாலு எடம் வந்துச்சு அவளுக்கு. புழல்னு கேட்டதும் நாலும் செருப்ப மாட்டிகினு கெளம்பிடுச்சு. ஸ்கூல்ல எனக்கு இன்னா பேரு தெரியுமா? ராடு! வாத்தியாரு கூட ராடுன்னுதான் கூப்டாரு. அதான் வூடு மாத்தினோம். அதான் சாவடிச்சோம். இன்னா தப்பு?"

சொல்லிக்கொண்டே வந்தவன் சட்டென்று நிறுத்தினான். அவன் பார்வை அப்பாவின் கைக்குப் போனது. சௌக்கத் அலி குனிந்து பார்த்தார். வெட்டுவதற்காக எடுத்த ஒரு முழ ராடு கையிலேயே இருந்தது. மகன் ஓர் அடி பின்னால் நகர்ந்திருந்தான்.

அவர் அதைக் குவியலில் வீசினார். வீசிய சத்தத்துக்குப் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பெற்ற பிள்ளை தன்னைப் பார்த்துப் பயப்படுகிறான் என்பது அவருக்கு நெய்ச்சோற்றைவிடக் கசந்தது.

"சம்மதம் வேணும்னா கல்யாணப் பொண்ணு வந்து கேக்கட்டும். நீ போ" என்றார். மகளைப் பார்க்க வேண்டும் என்று நல்லபடியாகச் சொல்லத் தெரியாத மனிதர், அதையும் திட்டுகிற குரலில்தான் சொன்னார்.

மறுநாள் காலையில் ஷேர் ஆட்டோவிலிருந்து ஒரு பெண் இறங்கி, புர்காவெல்லாம் இரும்புத் தூசி படிய, பட்டறைக்குள் வந்தாள்.

"யாரும்மா நீ? இன்னா வேணும்?" என்றார் சௌக்கத் அலி.

"மவுத்தானவர பாக்க வந்தேன்."

பன்னிரண்டு வயதில் விட்டுப் போன முகத்தை அவர் அப்போதுதான் அவள் முகத்தில் தேடிப் பிடித்தார். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "நெய்ச்சோறு ரொம்ப நல்லா இருந்துச்சாமே. நீயும் துன்னியா?"

"ஒரு வருஷம் கூடத் துன்னல. அன்னிக்குப் பூரா நோன்பு புடிச்சேன். இன்னாத்துக்கு தெரியுமா?"

அவர் கண் கலங்கத் தயாரானார். பாசம் என்று சொல்லப்போகிறாள் என்றுதான் நினைத்தார், பாவம்.

"மவுத்தானவங்கள மன்னிச்சிடணும்னு அம்மா சொல்லும். என்னால உன்ன மன்னிக்க முடியல. நீ உயிரோட இருக்கணும், உன்ன நிக்க வச்சு நான் கேக்கணும். அந்தச் சோத்தத் துன்னா நீ மவுத்துன்னு நானும் ஒத்துக்கினா மாதிரி. அப்பறம் யாருகிட்ட கேக்கறது?" அவள் ஓர் அடி முன்னால் வந்தாள். "சொல்லு. அந்த ராட எடுக்கறப்போ எங்க மூஞ்சி ஞாபகத்துக்கு வந்துச்சா?"

பொய் சொல்ல நல்ல சமயம் அது. சௌக்கத் அலி தரையைப் பார்த்தார். "வர்ல" என்றார். "கோவத்துல யாரு மூஞ்சியும் வர்ல."

நவ்ரீன் புர்காவில் படிந்த தூசியைத் தட்டிக்கொண்டாள். மகன் அவரை 'நீங்க' என்றான், வழிப்போக்கனைச் சொல்வது போல. இவள் வந்ததிலிருந்து 'நீ' என்றே பேசுவதை அவர் அப்போதுதான் கவனித்தார்.

"ஞாயித்துக்கெழம சாயந்தரம் அஸர் தொழுகைக்கு வந்துடு. காலித் இல்ல, நீதான் வலி."

"மாப்ள வூட்டுல?"

"நானே போன் போட்டு அவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். வந்தா வரட்டும், வராட்டிப் போவட்டும். பொய் சொல்லி சோறு போட்டது போதும்."

"உங்கம்மா?"

"அயுதுகினு கீது" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிவாசலுக்கு மாப்பிள்ளை வந்தார். அவர் வீட்டு ஆட்கள் பாதிப் பேர்தான் வந்தார்கள். வந்தவர்களிலும் சிலர் சௌக்கத் அலியைப் பார்த்ததும் தள்ளி உட்கார்ந்தார்கள். பந்தி விசாரிக்க வந்திருந்த டீக்கடைக்காரர் அவரைப் பார்த்து வாயைப் பிளந்தவர்தான், அப்புறம் மூடவேயில்லை. காலித் குனிந்து, "ரெண்டு வார்த்தைதான். கத்தாதீங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

ஹஜ்ரத் வாசகத்தைச் சொல்லிக் கொடுத்தார். என் மகள் நவ்ரீனை உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன். காலித் உட்கார்ந்திருந்தால் 'என் தங்கை' என்றுதான் சொல்லியிருப்பான். அந்த முதல் இரண்டு வார்த்தையைச் சொல்ல அந்தக் கூட்டத்தில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் உரிமை இருந்தது. அந்த ஆளுக்குத்தான் ஃபாத்திஹா ஓதியிருந்தார்கள்.

"என் மகள்!" என்றார் சௌக்கத் அலி. இரும்பு மார்க்கெட்டில் நாலு பட்டறை தாண்டிக் கூப்பிடுகிற குரல். மாப்பிள்ளை தூக்கிவாரிப் போட நிமிர்ந்தார்.

"பக்கத்துலதான் இருக்கோம் பாய். மெதுவா" என்றார் ஹஜ்ரத்.

"எல்லாருக்கும் கேக்கணும் ஹஜ்ரத்" என்று சொல்லிவிட்டு, தள்ளி உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து அவர் மறுபடியும் ஆரம்பித்தார். "என் மகள்!"

பெண்கள் இருந்த மாடியில், திரைக்குப் பின்னாலிருந்து நவ்ரீன் எரிச்சலோடு குரல் கொடுத்தாள்.

"கேட்டுச்சு, கேட்டுச்சு. கத்தாத அத்தா."