தாவீது வந்தால் கடப்பாறை வரும்

"கொஞ்சம் ஓரமா போ நைனா, கடைய மறைக்கிறியே!"

கேமராப் பெட்டியை மூடிய கறுப்புத் துணிக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் நீண்டு விரட்டியது. விரட்டப்பட்டவர் வேறு யாருமில்லை, அந்தக் கடைக்கே சொந்தக்காரர், கடிகாரம் ரிப்பேர் செய்யும் கோதண்டராமன். போட்டோ என்றதும் வீட்டுக்கு ஓடி, கல்யாணக் கோட்டை மாட்டி, முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டு வந்து வாசலில் விறைப்பாக நின்றவர். "என் கடைய போட்டோ புடிக்கிறே, நான் இல்லாமயா?" என்று அவருக்கு ஒரே ஆற்றாமை. தாவீது துணிக்கு வெளியே தலையை நீட்டினார். "உன்ன எப்ப வேணா புடிச்சுக்கலாம். கடை நாளைக்கு இருக்காதே!"

செங்கல்பட்டு பஜாரில் தாவீதுக்குச் சொந்தமாக ஒரு ஸ்டூடியோ இருக்கிறது. பிழைப்புக்குக் கல்யாணமும் பள்ளிக்கூட குரூப் போட்டோவும். ஆசைக்குக் கட்டடம். அதுவும் மாளிகை, மண்டபம் அல்ல. ஓட்டுக்கூரைக் கடை, பலகைக் கதவு, எழுத்து உதிர்ந்த போர்டு. படம் எடுக்கும் முன் கடைக்கு அலங்காரமும் உண்டு. கோணலாகத் தொங்கும் போர்டை நிமிர்த்துவார். படியில் கிடக்கும் வெற்றிலைக் காம்பைப் பொறுக்குவார். கடைசியில் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தன் தலையையே வாரிக்கொள்வார். ஏன் என்று கேட்டால், "அதுவும் நம்மள பாக்குதில்ல?" என்பார்.

வக்கீல் பட்டாபிராமன் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். "ஏம்ப்பா, மகாபலிபுரம் போய்க் கடற்கரைக் கோயிலைப் புடிக்கப்படாதோ? நாலு பேர் ஆசையா வாங்குவாளே."

"அது கல்லு சார். கடலே மோதிப் பாத்துட்டு அலுத்துப் போயி கீது. நம்ம பஜாரு அப்பிடியா? மாமியார் வூட்டுக்குப் போயிட்டு வரதுக்குள்ள ஒரு கடைய காணோம்!"

பொய்யில்லை. டிரங்க் ரோட்டில் பஸ் பெருகப் பெருக, ஓடுகள் இறங்கி மாடிகள் ஏறிக்கொண்டிருந்தன. இடிக்கிற வேலையில் பாதி, தாவீதின் மச்சான் சின்னையன் என்கிற கொத்தனாருக்குத்தான். எந்தச் சுவர் விழப்போகிறது என்று அவன் முன்கூட்டியே காதில் போட்டுவிடுவான். தாவீது உடனே ஓடிப்போய்ப் படம் எடுத்துவிடுவார். ஆனால் ஊர் கண்டது என்ன? இன்றைக்கு தாவீது வந்து முக்காலியை நட்டால் நாளைக்குக் கடப்பாறை! அவ்வளவுதான், கதை கட்டிவிட்டார்கள்: தாவீது பெட்டி சுவரைத் தின்கிறது. பாவம், கல்யாண வீட்டுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால்கூட, வழியிலிருந்த கடைக்காரர்கள் திருஷ்டிப் பூசணிக்காய் வாங்க ஓடினார்கள். சின்னையன் சொல்லித்தான் வருகிறேன் என்று தொண்டை கிழியச் சொன்னார். கேட்டால்தானே! "இன்னா ஜனங்கப்பா இது, ஒரே பேஜாரு" என்று சிரித்துக்கொண்டார்.

சந்திரம்மா விஷயத்தில்தான் அந்தச் சிரிப்பு நின்றது.

ஸ்டூடியோவுக்கு நேர் எதிரே அவளுடைய இட்லிக்கடை. மதுவிலக்கு வரும்வரை அது கள்ளுக்கடை. எத்தனை சுண்ணாம்பு அடித்தாலும் மழைக்காலத்தில் சுவரிலிருந்து பழைய மொந்தைப் படம் எட்டிப் பார்க்கும். வயல் வேலை முடித்து வந்த தாவீதின் அப்பாவுக்கு அந்தக் கடையில் பின்வாசல்தான். முன்பக்கம் நிற்கவிட மாட்டார்கள். இன்றைக்கு மகன் அதே முன்வாசல் பெஞ்சில் கால் மேல் கால் போட்டு இட்லி தின்கிறார். அந்த முன்வாசலை ஒரு படமாவது எடுத்துவிட வேண்டும் என்று அவருக்குத் தவிப்பு.

இடத்துக்காரர் பாஷ்யம் அதை இடித்து மாடி கட்டப் போகிறார். புதுக் கட்டடத்தில் சந்திரம்மாவுக்கு ஓர் அறை தருவதாக வாக்கும் கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை கை வைக்கிறோம் என்றான் சின்னையன். தாவீது பெட்டியோடு தெருவைக் கடந்தார். சந்திரம்மா ஒரு வாளித் தண்ணீரோடு வாசலில் நின்றாள்.

"கிட்ட வந்தே, பெட்டியோட நனைச்சுடுவேன் அண்ணாத்த! நீ புடிக்கலன்னா எவனும் இத்த இடிக்க மாட்டான்."

"இன்னாம்மா பேசறே? நான் புடிக்கறதாலயா செவுரு வுழுது?"

"இல்லியா? அப்ப மொதல்ல உன் கடைய புடி. அது நின்னுச்சுன்னா அப்பறம் என் கடைய புடி."

பெஞ்சில் இருந்தவர்கள் ஓவென்று சிரித்தார்கள். "இவ்ளோதானா!" என்று தாவீதும் சிரித்தார்.

சிரித்தாரே தவிர, மறுநாள் காலையில் வெளிச்சம் சரியில்லை என்றார். அடுத்த நாள் லென்ஸ் மூடி சிக்கிக்கொண்டது என்றார். வெளிச்சத்துக்கும் ஒன்றுமில்லை, மூடிக்கும் ஒன்றுமில்லை. பஜாரில் இத்தனை கடைகளைப் படம் பிடித்தவர், தன் கடையை ஒரு தரம்கூடப் பிடித்ததில்லை என்பது அவருக்கே அப்போதுதான் உறைத்தது. கடன் வாங்கிக் கட்டிய சுவராயிற்றே!

வியாழக்கிழமை வந்துவிட்டது. இனி நாளில்லை. தாவீது சந்திரம்மா கடை வாசலிலேயே முக்காலியை நட்டு, பெட்டியைத் தன் ஸ்டூடியோ பக்கம் திருப்பினார். தலைவாரிக்கொண்டார். துணிக்குள் புகுந்தார். பெட்டிக் கண்ணாடியில் எல்லாப் பிம்பமும் தலைகீழ்தான்; அவருடைய கடையும் தலைகீழாகத் தொங்கியது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் வெளியே வந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, மூடியைக் கழற்றி, "ஏசுவே" என்று முனகி, திரும்பப் போட்டார்.

விறுவிறுவென்று தெருவைக் கடந்து போய், ஸ்டூடியோ சுவரில் உள்ளங்கையை வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். நின்றது. கதவுப் பக்கம் போய்த் தோளால் இடித்தும் பார்த்தார். அதுவும் நின்றது.

எதிரே பெஞ்சே குலுங்கியது. சந்திரம்மா தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "அடப்பாவி அண்ணாத்த! உனக்குமா பயம்?"

"பின்னே? எனக்கு மட்டும் இன்னா இரும்புலயா மனசு?" என்றார் தாவீது, முகமெல்லாம் வேர்த்து.

சந்திரம்மாவின் சிரிப்பு மெல்ல அடங்கியது. தன் கடையை, படத்துக்கு நிற்கப்போகிற ஆளைப் பார்ப்பதுபோல், மேலும் கீழும் ஒரு தரம் பார்த்தாள். பிறகு குனிந்து வாசலில் இருந்த தண்ணீர் வாளியைத் தூக்கினாள். தாவீது பாய்ந்து வந்து பெட்டியைக் கட்டிக்கொண்டார்.

அவள் அவர் பக்கமே திரும்பவில்லை. முந்தானையை இழுத்துச் செருகி, கைகையாகத் தண்ணீரை அள்ளி முன்வாசலில் தெளித்துவிட்டு, கோலமாவு டப்பாவை எடுத்து முதல் புள்ளியை வைத்தாள்.