மெதுவாக வைத்த பேத்தை

காலைப் பூசை முடிந்ததும் தூண்டிலோடு மாஹிம் பாலத்தடிக்குப் போனேன். மீன்குழம்பை நம்பி ரேஷன் அரிசியைக் களைந்து வைத்த நம் ரூம்காரர்கள் மன்னிக்க வேண்டும். பத்துப் பேருக்குத் தனித்தனியாகச் சொல்ல அலுப்பாக இருப்பதால் நம் ரூம் அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டுகிறேன்.

பக்கத்துக் கல்லில் நம் ஊர்ப் பக்கத்து ஃபிட்டர் ஒருவர், கூட்டாளிகளோடு. அவருக்கு மாட்டியதெல்லாம் பேத்தை மீன். தின்றால் விஷம்; பயந்தால் பலூன்போல வயிறு உப்பும். ஒவ்வொன்றையும் வாய் கிழிய முள்ளிலிருந்து பிடுங்கிப் பின்னால் பாறையில் வீசினார். நான்கு பேத்தைகள் வயிறு உப்பிக் கிடந்தன.

"அண்ணாச்சி, தண்ணியிலயே விட்டுரலாம்லா?"

"விட்டா திரும்ப வந்து நம்ம இரையத்தான் திங்கும். கெடக்கட்டும் தம்பி."

நான் ஒன்றை எடுத்துத் தண்ணீரில் விட்டேன். வயிற்றில் காற்று நிரம்பியிருந்ததால் முங்க முடியாமல் மல்லாந்து மிதந்தது. காக்கை வந்து கொத்தியது.

"பாத்தியா" என்றார் அண்ணாச்சி. அவருடைய கூட்டாளிகள் சிரித்தார்கள்.

அரை மணி கழித்து என் தூண்டிலிலும் ஒரு பேத்தை. இன்னும் உப்பவில்லை. உடனே விட்டிருந்தால் நீந்திப் போயிருக்கும். எல்லோரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீதி மூன்றுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

வீசவில்லை. மெதுவாகத்தான் வைத்தேன்.

அந்த வித்தியாசம் பேத்தைக்குத் தெரிந்திருக்குமா? தெரிந்தவர்கள் எழுதக் கீழே இடம் விட்டிருக்கிறேன். பென்சில் ஆணியில் தொங்குகிறது.