முன்னால் வராத சீட்டு

அப்பா, கார் சீட்டுக்கு அடியில் தலையை விட்டுக்கிட்டு அப்படி என்னதான் செய்யுறீங்கன்னு நீங்க ரெண்டு பேரும் கேட்டுக்கிட்டே இருக்கீங்க. வாயால் சொன்னால் பாதியில் எழுந்து ஓடிப்போயிடுறீங்க. அதனால் எழுதி வைக்கிறேன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திப் படிச்சுக்குங்க.

சிதம்பரத்தில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வீடு. போன வருஷம் ஒரு சனிக்கிழமை காலையில் அந்த வீட்டு மருமகள் எனக்குப் போன் பண்ணினாங்க.

"அண்ணே, கடலூர்ல கார் கரண்ட் வேலை பாக்குறவங்கதானே? எங்க வண்டியில டிரைவர் சீட்டு முன்னால வர மாட்டேங்குது."

அவுங்க வீட்டுக்காரர் வெளிநாட்டில் வேலை. லீவில் வந்திருந்தப்போ வண்டி ஓட்டியிருக்கார். நல்ல உயரம். சீட்டை முழுசாகப் பின்னால் தள்ளி ஓட்டிவிட்டு அப்படியே ஊருக்குப் போயிட்டார். அந்தம்மா உட்கார்ந்து சுவிட்சை அமுக்கினதும் சீட்டு நாலு விரல்கடை முன்னால் வந்திருக்கு. அதோட சரி, அசையவே இல்லை. அவுங்க உயரத்துக்கு கிளட்ச்சில் கால் நுனிதான் படும். முதுகுக்குத் தலையணை வெச்சுப் பார்த்திருக்காங்க. பிரேக் போட்டால் தலையணை ஒரு பக்கம், இவுங்க ஒரு பக்கம்.

கடலூர்ப் பக்கம் செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியோட பரிசோதனை லேபில் அவுங்களுக்கு வேலை கிடைச்சிருந்தது. திங்கட்கிழமை சேரணும். காலை ஷிப்டுக்கு நேரத்தோட போய்ச் சேர பஸ் தோதுப்படாது. காரை நம்பித்தான் வேலைக்கு ஒத்துக்கிட்டாங்க. ஆனால் மாமியாருக்கு மருமகள் வண்டி ஓட்டுறதே பயம். சீட்டு நின்னதும் மகனுக்குப் போன் போட்டு, வித்துடலாம்னு பேசி முடிச்சிட்டாங்க. பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒருத்தர் அன்னிக்குச் சாயங்காலம் வண்டி பார்க்க வர்றார்.

"அவரு வர்றதுக்குள்ள சீட்டு நகரணும்ணே. நகரலைன்னா வண்டியும் போச்சு, வேலையும் போச்சு."

அந்த ஊர் மெக்கானிக் ஒருத்தர் ஏற்கெனவே பார்த்துட்டு, சீட்டை நகர்த்துற மோட்டார் போயிடுச்சுன்னு சொல்லியிருந்தார். நானும் அதைத்தான் நினைச்சேன். புதுச்சேரியில் பழைய சாமான் கடை வெச்சிருக்கிற கூட்டாளிகிட்ட அந்த மாதிரி மோட்டார் ஒண்ணு இருந்தது. வாங்கி பைக்கில் கட்டிக்கிட்டுப் போனேன்.

வாசலில் நாற்காலி போட்டு மாமியார் உட்கார்ந்திருந்தாங்க.

"வா தம்பி. பாத்துட்டு முடியாதுன்னு சொல்லிட்டுப் போயிடு, புண்ணியமாப் போவும்."

"அத்தை, அவுரு இன்னும் பையையே இறக்கல."

"நான் ஒண்ணும் சொல்லலடியம்மா. தண்ணி குடிக்கிறியா தம்பி?"

நான் பையிலிருந்து மோட்டாரை வெளியில் எடுத்து வெச்சேன். வேலையை ஆரம்பிக்கிறதுக்கு முன்னால், அந்த மெக்கானிக் என்னென்ன செஞ்சார்னு கேட்டேன். இதை நான் எப்பவும் கேட்பேன். மருமகள் யோசிச்சு யோசிச்சுச் சொன்னாங்க.

"ஃபியூஸ் போயிருக்குன்னு புதுசு போட்டாரு. போட்ட உடனே அதுவும் போயிடுச்சு. ரெண்டாவது போட்டாரு, அதுவும் டப்புன்னு போச்சு."

"அப்ப யாராச்சும் சீட்டு சுவிட்சை அமுக்கினீங்களா?"

"எங்க அமுக்கினேன்? சீட்டுல உக்காரவே இல்லியே. வெளியில நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். அவரும் ஃபியூஸ் கிட்டதான் குனிஞ்சுக்கிட்டு இருந்தாரு."

அதைக் கேட்டதும் மோட்டாரைத் திரும்பப் பையிலேயே போட்டுட்டேன். காரணம் இதுதான். சுவிட்சை அமுக்கினால்தான் மோட்டாருக்குக் கரண்ட் போகும். அமுக்காமலே ஃபியூஸ் போகுதுன்னா மோட்டார் மேல் குத்தம் இல்லை. சுவிட்சுக்கு வர்ற வயரே வழியில் எங்கேயோ வண்டி இரும்பில் உரசிக்கிட்டு நிக்குது. அந்தம்மா சொல்லலைன்னா நல்ல மோட்டாரைக் கழட்டிப் போட்டுட்டு உட்கார்ந்திருப்பேன்.

உரசுற இடம் எதுன்னு கண்டுபிடிக்க இன்னும் பத்து ஃபியூஸ் போட்டு எரிக்க வேண்டியதில்லை. ஃபியூஸ் இருக்கிற இடத்தில் ஒரு ஹெட்லைட் பல்பை மாட்டணும். வயர் இரும்பில் பட்டுக்கிட்டு இருந்தால் பல்பு பளிச்சுன்னு எரியும். விலகினால் அணைஞ்சுடும். மாட்டினேன், எரிஞ்சது.

சீட்டு பின்னால் கிடந்ததால் பின்பக்கத்து போல்ட் ரெண்டும் மறைஞ்சு கிடந்தது. சீட்டைக் கழட்ட வழியில்லை. பின் சீட்டுப் பக்கம் தரையில் படுத்து, போன் வெளிச்சத்தில் கையை உள்ளே விட்டேன். மஞ்சள் கனெக்டர் ஒண்ணு இருக்கும், அது விபத்தில் விரியுற காத்துப்பையோட வயர். அதைத் தொடாமல் மத்த வயர்க் கட்டை மட்டும் மெதுவாக அசைச்சுக்கிட்டே வந்தேன்.

"பல்பைப் பாத்துக்கிட்டே இருங்கம்மா. அணைஞ்சா சொல்லுங்க."

"எரியுது... எரியுது... இன்னும் எரியுதுண்ணே... ஐயோ, அணைஞ்சிடுச்சு!"

அதே நேரம் என் விரலில் சுருக்குன்னு எதுவோ கீறுச்சு. இழுத்து வெளியே எடுத்தேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு செப்புத் தகடு. கட்டம் கட்டமாக என்னமோ எழுதி, குங்குமம் வெச்சிருந்தது. சீட்டு நகர்ற தண்டவாளத்து ஓரம் யாரோ செருகியிருக்காங்க. சீட்டு பின்னால் போனப்போ தகடு நிமிர்ந்துக்கிச்சு. முன்னால் வந்தப்போ வயரோட தோலைச் சீவிட்டு இரும்பில் சாய்ஞ்சு நின்னுடுச்சு.

மருமகள் தகட்டைப் பார்த்தாங்க. அப்புறம் வாசலைப் பார்த்தாங்க.

"அத்தை, இது யாரு வெச்சது?"

மாமியார் முந்தானையைச் சரிபண்ணிக்கிட்டு, "நீ பத்திரமாப் போயிட்டு வரணும்னுதான்டி வெச்சேன். பூசை பண்ணி வாங்கியாந்தது"ன்னாங்க.

"பத்திரமாத்தான் இருந்தேன். ஒரு அடி நகரலியே!"

மருமகளுக்குச் சிரிப்பு தாங்கலை. மாமியாரும் வாயைப் பொத்திக்கிட்டாங்க. எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கிட்டேன். மருமகள் வண்டி ஓட்டவே வேண்டாம்னு நினைக்கிறவங்க இப்படித் தேடிப்போய்த் தகடு வாங்கி வெப்பாங்களா? அதை நான் வாய்விட்டுச் சொல்லலை. "துணியில சுத்தி முன்னாடி இருக்கிற டேஷ்போர்டு பொட்டியில வெச்சுடுங்கம்மா, அங்க வயர் கிடையாது"ன்னு மட்டும் சொன்னேன். மருமகள் பழைய பட்டுத்துணி தேடி எடுத்து, மடிச்சு மடிச்சு அதில் சுத்தி வெச்சாங்க.

சீவின வயரை ஒட்டு போட்டு, மேலே குழாய் மாதிரி உறை மாட்டி, தண்டவாளத்தில் படாதபடி கட்டினேன். பல்பைக் கழட்டி ஃபியூஸ் போட்டேன். இந்தத் தடவை அது போகலை. மருமகள் உட்கார்ந்து சுவிட்சை அமுக்கினாங்க. ர்ர்ர்னு சீட்டு முன்னால் வந்தது. கிளட்ச்சைத் தரையோடு மிதிச்சுப் பார்த்துட்டு, மறுபடி மறுபடி மிதிச்சுக்கிட்டே இருந்தாங்க.

"ஒரு சுத்து போயிட்டு வரேன் அத்தை."

"தனியாவா? இரு." மாமியார் செருப்பை மாட்டிக்கிட்டு வந்து பக்கத்து சீட்டில் ஏறி, பெல்ட் எங்கேன்னு தடவினாங்க.

கோயிலைச் சுத்தி இருக்கிற நாலு வீதியும் சுத்திட்டு வர்ற வரைக்கும் நான் ஸ்பேனரைத் துடைச்சுக்கிட்டு நின்னேன். வண்டி திரும்பி வந்து வாசலில் நின்னப்போ மாமியார் இறங்கலை. கண்ணாடியை இறக்கிவிட்டு, மகன்கிட்ட போனில் பேசிக்கிட்டு இருந்தாங்க.

"அந்த ஆளை வர வேணாம்னு சொல்லிடுப்பா. இவ திங்கக்கிழமை வேலைக்குப் போவணும்ல... ஓட்டுறா, நல்லாத்தான் ஓட்டுறா. என்ன, பிரேக்கைக் கொஞ்சம் அழுத்திப் போடுறா, அவ்வளவுதான்."