மாடிப்படி ஜன்னல்

கோட்டூர்புரத்தில் நாங்கள் குடியிருக்கும் பன்னிரண்டாம் மாடியில், வீட்டுக்குள் டவரே கிடைக்காது. மாடிப்படி ஜன்னலுக்கு வந்தால்தான் பேச முடியும். எதிர்வீட்டு மாமியை அங்கேதான் பார்ப்பேன். நூல் புடவை, கர்ச்சீப்பில் சுற்றிய போன். பேசி முடித்ததும் எனக்கு இடம்விட்டு நகர்ந்து, கேட்ட செய்தியையும் சொல்லிவிட்டுத்தான் போவார்.

"பேத்திக்குப் பல் விழுந்துடுத்தாம்!"

போன மாதம் அசோசியேஷனில் சண்டை போட்டு பூஸ்டர் வைக்கச் செய்தோம். வீட்டுக்குள்ளேயே டவர் வந்தது. அதன்பின் எதிர்க்கதவு திறந்து நான் பார்க்கவில்லை.

நேற்று மாலை ஜன்னலுக்குப் போனேன். மாமி நின்றிருந்தார்.

"உங்காத்துல டவர் வரலையா?"

"நல்லா வருது மாமி. உங்க வீட்ல?"

"நன்னாத்தான் வரது."

வழக்கம்போல் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

இருவர் கையிலும் போன் இல்லை.